ஐந்தரை மணி நேரம்

காரைக்குடியில் மே மாதம்.
ஆய்வகத்தில் ஏசி மூச்சை நிறுத்தி நான்கு நாள்.
கணினித் திரையில் மூன்று சன்னல்கள்,
ஒன்றிலும் காற்று வராது.

முதலாவதில் கம்பி துருப்பிடிக்கும் மின்னோட்டம்.
அடுத்ததில் மாடியின் வெப்பம்.
கடைசியில் ஈரப்பதம்.
ஒன்றைப் பெரிதாக்கி நகர்த்தினால்
மற்ற இரண்டும் கண்டுகொள்ளாமல் கிடக்கும்,
பாகம் பிரித்த பிறகு
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி.

பதினொரு மாதம் அப்படித்தான் பார்த்தோம்.
இங்கே ஒரு செவ்வாய்க்கிழமையை
விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு
அங்கே போய் அதே செவ்வாயைத் தேடுவேன்.
கழுத்துவலிதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன்,
ஒரு கண்டுபிடிப்பும் மிஞ்சியது:
இரவு பதினொன்றுக்கு ஈரம் உச்சம்.
விடியற்காலை நாலரைக்குத் துரு உச்சம்.
இடைப்பட்ட நேரமெல்லாம்
ஈரம் கான்கிரீட்டுக்குள் நடக்கிறது.
'நடக்கிறது' என்றா எழுத முடியும்?
'ஊடுருவல் தாமதம்' என்று எழுதி
புவனேஸ்வர் மாநாட்டுக்கு அனுப்பியாயிற்று.

உமையாள் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.
"ஏங்க்கா, மூணையும் கோத்து விடலாம்ல?"
பட்டியலின் அடியில் ஒரு பொடிக் கட்டம்:
நேர அச்சை இணை.
டிக் வைத்தாள்.

ஒரு நாளைப் பிடித்து இழுத்தாள்,
மூன்றும் கூடவே வந்தன.
சுட்டி நின்ற இடத்தில்
மேலிருந்து கீழ்வரை ஒற்றைக் கோடு.
கானாடுகாத்தானில் முகப்பு வாசலில் நின்றால்
கட்டு கட்டாகத் தாண்டிப்
பின்வாசல் வெளிச்சம் தெரியுமே, அப்படி.

மழை நாட்களை ஒதுக்கிவிட்டு நகர்த்தினோம்.
தையிலும் ஈரத்துக்கும் துருவுக்கும் நடுவே ஐந்தரை மணி.
பங்குனி வெயிலிலும் ஐந்தரை.
மெல்லிய கட்டையில் ஐந்தரை,
அதைவிட மும்மடங்கு தடித்ததிலும் ஐந்தரை.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் பூரித்துப்போனேன்.
உமையாள் பூரிக்கவில்லை.
அவள் அப்பா செக்காலை ரோட்டில் ஆடிட்டர்.
"ஐந்தொகை இவ்வளவு சுளுவா நேரானா
எங்கப்பா முதல்லேர்ந்து மறுபடி கூட்டுவாரு.
பல்லவன்கூட அஞ்சு நிமிஷம் முன்னபின்ன ஆகும்க்கா."
பிறகு நடுச் சன்னலைத் தொட்டுக் காட்டினாள்.
துரு ஏறும் அதே நாலரைக்குத்தான்
மாடி குளிர்ந்து அடங்குகிறது.
"வெக்கை இறங்குறதுக்கு முன்னாடி
ஈரம் மட்டும் எப்படி உச்சிக்குப் போகும்?"

ஏறிப் போய்ப் பார்த்தோம்.
வெப்பத்துக்கும் மின்னோட்டத்துக்கும் கீழே கணினிவரை கம்பி உண்டு.
ஈரப்பதம் மட்டும் தனிப் பெட்டி, தனிக் கடிகாரம்.
பொத்தானை அமுக்கினால் மணி பதினொன்று பத்து.
என் கையில் சாயங்காலம் நாலு நாற்பது.
பதினொரு மாதமாக எங்கள் மொட்டைமாடியில் நின்று
கிரீன்விச் நேரத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறது.

பெட்டியை மாட்டியது யார் என்று அவள் கேட்கவில்லை.
நான்தான்.
எந்த ஊர் நேரம் என்று அது கேட்டது.
ஏணியில் ஒரு கால், சுவரில் ஒரு கால்,
அடுத்து, அடுத்து, அடுத்து என்று
அமுக்கிக்கொண்டே போனேன்.

கீழே வந்து ஐந்து புள்ளி ஐந்து என்று தட்டினேன்.
ஈர மேடுகள் வரிசையாக எழுந்து நகர்ந்து
துரு மேடுகளின் நேர்கீழே உட்கார்ந்தன.
தாமதம் என்று ஒன்று நிஜமாகவே இருந்தால்
அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது,
அரை மணிக்கு ஒரு தடவை மட்டும்
எட்டிப் பார்க்கும் எங்களுக்கு அகப்படாமல்.

புவனேஸ்வருக்குக் கடிதம்.
கட்டுரையைத் திரும்பப் பெறக் காரணம் கேட்டிருந்தார்கள்.
"கடிகாரம்னு போடுங்க" என்றாள்.
போட்டேன்.
அனுப்புவதற்கு முன்
அதற்கு முன்னால் ஒரு 'என்' சேர்த்தேன்.